துரை துபாஷி ஆன கதை

எங்கள் மின்சார அலுவலகத்து மீட்டர் ரீடரின் சொந்தப் பெயரைக் கேட்டால் எனக்கே சட்டென்று வாயில் வராது. சம்பள நாளில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் துரை. வெளுத்த தோல், பூனைக்கண், வெயில் பட்டால் செம்பட்டையாகத் தெரியும் முடி. பள்ளிக்கூட நாடகத்தில் வெள்ளைக்காரன் வேஷத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது வாத்தியார்கள் யோசிக்கவே இல்லையாம். "பவுடர் மிச்சம்டா" என்று சொல்லித் தொப்பியை இவர் தலையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏறிய தொப்பி, வயது ஐம்பதைத் தாண்டியும் இறங்கவில்லை.

நான் அதே அலுவலகத்தில் பில் கவுண்டரில் இருக்கிறேன். மாலையில் எங்கள் நாடக மன்றத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவள். மேடையில் யார் வாயடைத்து நின்றாலும் திரைக்குப் பக்கத்தில் இருந்து அடுத்த வரியைக் கிசுகிசுப்பது என் வேலை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். வரிசையில் அத்தனை நேரம் சும்மா நின்றுவிட்டு, கவுண்டருக்கு வந்த பிறகு பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறவர்களைத் தினமும் பார்த்தால் எவளுக்குத்தான் கோபம் வராது? ஆனால் துரை அண்ணன் விஷயத்தில் எனக்கு வந்தது வேறு கோபம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையின் வெள்ளைக்கார மேனேஜர் குடியிருந்த பங்களா. அவர் சாப்பிட்ட அறையில் என் கவுண்டர். அவர் குளித்த அறையில் பழுதான மீட்டர்களைக் குவித்து வைத்திருக்கிறோம். ஆலையின் பழைய சாக்குக் கிடங்குதான் இப்போது நாடக அரங்கம். ஆலை மூடி, அந்த மனுஷர்கள் கப்பலேறி எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் வருஷம் தவறாமல் அந்த மேடைக்கு ஒரு துரை வந்துவிடுவார்.

எங்கள் மன்றத்துக்கு நாவல்களை நாடகமாக்குவதில் ஒரு பைத்தியம். அதிலும் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து நாவல் என்றால் கிடங்கு கொள்ளாது. துரை அண்ணன் அந்த வகைக் கதைகளில் ஒன்றைக்கூட விட்டதில்லை. நூலகத்தில் தேடிப் பிடித்துப் படிப்பார். படித்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து தீர்ப்புச் சொல்வார்.

"தங்கச்சி, மொத்தமே மூணு துரைதான். சவுக்குத் துரை, அழுமூஞ்சித் துரை, காதல் துரை. முதல் ஆளு அடிப்பான். ரெண்டாவது ஆளு, நம்மாளுங்க செத்தப்புறம் ஜன்னல்கிட்ட நின்னு கண்ணைத் துடைச்சுப்பான். மூணாவது ஆளு நம்ம பொண்ணு பின்னாடி அலைவான், கடைசியில கப்பல் ஏறிடுவான்."

"வெள்ளைக்காரங்க எழுதின கதையில மட்டும் நாம ஒழுங்கா வர்றோமா?" என்பேன். "ஒண்ணு திருடன், இல்ல கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஞானி. பில் கட்ட வரிசையில நிக்கிற ஒரு மனுஷனாவது உண்டா அதுல?"

"அதுவும் சரிதான். ஆனா கப்பல் போச்சுல்ல, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா? அவ வயித்துல இருந்தது என்ன ஆச்சு? எவனாவது எழுதியிருக்கானா? விளக்கைப் போட்டு, வீட்டுக்குப் போங்கன்னுடறாங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்குத்தான் சோறு இறங்காது. காரணம், அந்தக் கேள்விக்குப் பதில் அவரேதான். அவர் அம்மாவைப் பெற்றவள், இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இதே பங்களாவில் துணி துவைத்தவள். அம்மாவின் அப்பா யார் என்று ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. அம்மாவுக்கும் அதே பூனைக்கண். ஆலையில் சாக்குத் தைத்துப் பிழைத்தவர், எந்த வேளையிலும் முக்காடு போடாமல் தெருவில் இறங்கியதில்லை.

எங்கள் அரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. துரை மேடையில் கால் வைத்ததுமே கூட்டம் முழுக்க "ஊஊஊ" என்று ஊளை விடும். சின்னவர் பெரியவர் பேதமில்லை. ஊளை விடுவதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இடுப்பில் கை வைத்து மோவாயைத் தூக்குவார், இன்னும் பலமாக விடுவார்கள். எல்லோருக்கும் ஒரே குஷி. தெருவில் மீட்டர் பார்க்கப் போனாலும் வாண்டுகள் மெல்லிசாக ஒரு ஊளை விட்டுவிட்டு ஓடும். அவரும் தொப்பியைத் தூக்குவதுபோல் வெறும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

அவர் வீடு கிடங்குக்குப் பின்தெரு. ஊளைச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். மன்றத்தில் அவர் நடித்த முதல் நாடகத்தன்று அதைக் கேட்ட அம்மா, "அந்தத் தொப்பியை நீ போடுற வரைக்கும் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் மகன் மேடையேறிய நேரத்தை அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்வார். அண்ணனுக்கு நடிப்பென்றால் உயிர். மேடை வேண்டுமென்றால் தொப்பி வேண்டும். வேறு வேஷம் கேட்டால், "உன் மூஞ்சிக்கா?" என்று சிரித்தே அனுப்பிவிடுவார்கள். இப்படியே காலம் போய்விட்டது.

போன வருஷம் அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண் நரம்பு பட்டுப்போய்க் கொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளைக்கோ தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்கு மீட்டர் பார்க்கப் போகவில்லை. என் கவுண்டருக்குப் பின்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அம்மா என்னை மேடையில பார்த்ததே இல்லை தங்கச்சி. இந்த வருஷம் பார்க்கலைன்னா அப்புறம் பார்க்கவே முடியாது. இந்தத் தடவை நான் துரை வேஷம் போட மாட்டேன்."

"வேற என்ன வேஷம் குடுப்பாங்க உங்களுக்கு?"

"குடுக்க மாட்டாங்க. நான் எடுத்துக்கப் போறேன்."

அந்த வருஷம் எடுத்திருந்தது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்தச் சர்க்கரை ஆலையைப் பற்றியே எழுதிய நாவல். அதில் ஒரு துபாஷி வருவான். துரை சொல்வதைத் தொழிலாளிகளுக்கு நம் பேச்சில் சொல்கிற நம்மாள். வேலைநிறுத்தம் செய்தவர்களை மழையில் குடியிருப்பிலிருந்து விரட்டச் சொல்லித் துரை முணுமுணுப்பார். துபாஷி அதை உரக்கச் சொல்வான். அந்த வேஷம்தான் அண்ணனுக்கு வேண்டும்.

ஒத்திகையின் முதல் நாள் அதைச் சொன்னதும் எங்கள் இயக்குநர், ரிடையரான கணக்கு வாத்தியார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடிதான் கழலும்.

"விளையாடாதீங்க துரை. உங்களைத் துபாஷின்னா ஜனம் நம்புமா? அப்போ துரை யாரு?"

"பேக்கரிக்காரரைப் போடுங்க சார்."

பேக்கரிக்காரர் அங்கேதான் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மன்றத்திலேயே கறுத்த ஆள். அடுப்புச் சூட்டில் நின்று நின்று நிறம் இன்னும் ஒரு பிடி கூடியிருக்கும். அவருக்குப் புரையேறிவிட்டது.

"நான் துரையா? அட போங்கப்பா! என் பொண்டாட்டி சிரிச்சே செத்துடுவா."

"பவுடர் மூட்டைக்கு எங்கே போறது?" என்றார் வாத்தியார்.

"பவுடரே வேண்டாம் சார். தொப்பி, பூட்ஸ், நாற்காலி. அது போதும். நாற்காலியில உட்கார்ந்து யாரு காலை நீட்டுறானோ அவன்தான் துரை. தோலா சார் அத்தனை பேரையும் மழையில விரட்டிச்சு?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். வாத்தியார் மட்டும் மசியவில்லை. ஊர் சிரிக்கும், நாடகம் கந்தலாகிவிடும், இத்தனை வருஷத்துப் பேர் கெட்டுவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் சார், போன வருஷம் அறுபது வயசுல நீங்க இருபது வயசுக் காதலனா வந்தீங்களே, அதை ஜனம் நம்பலையா? அவரு கேட்டா மட்டும் மூஞ்சி, கீஞ்சின்னு காது குத்துறீங்க! துபாஷி வேஷம் அவருக்கு இல்லைன்னா வசனம் எடுத்துக் குடுக்க வேற ஆளைப் பாருங்க. உங்களுக்கு ரெண்டாவது வரியே ஞாபகம் இருக்காது, தெரியும்ல?"

வாத்தியார் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அண்ணன் முகத்துக்குக் கறுப்பு மை பூச வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றார். லேசாக, மாநிறம் வரும்படி பூசலாம் என்றார் வாத்தியார். அதற்கும் மாட்டேன் என்றார். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். மனுஷர் ஒற்றைக் காலில் நின்றார்.

"சார், இவ்வளவு நாளும் என் மூஞ்சியை வேற எவனோட மூஞ்சியாவோ காட்டிட்டீங்க. இதுல மை பூசினாலும் அதே கதைதான். ஒரு தடவை என் மூஞ்சியை என் மூஞ்சியாவே விடுங்க. இல்லைன்னா எனக்கு இனிமே நாடகமே வேண்டாம்."

நாடகம் வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாத்தியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உங்க இஷ்டம், ஊர் கல்லெறிஞ்சா முன்னாடி நீங்கதான் நிக்கணும்" என்றார்.

வேஷம் கிடைத்துவிட்டது. உடம்பு வழிக்கு வர வேண்டுமே! அண்ணன் மேடையேறினால் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். மோவாய் மேலே ஏறிவிடும். துபாஷி துரைக்கு அரையடி பின்னால் நிற்க வேண்டும். இவர் முன்னால் போய் நிற்பார். அந்தப் பக்கம் பேக்கரிக்காரரோ நாற்காலி நுனியில், வரன் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்காருவார். பூட்ஸைத் துடைக்க வந்தவனிடம், "பரவாயில்லப்பா, நானே துடைச்சுக்கறேன்" என்று வசனத்தில் இல்லாததைச் சொன்னார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

பிறகு ரெண்டு பேரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பேக்கரி மூடிய மத்தியான நேரத்தில் அண்ணன் அங்கே போய்விடுவார். மாவு மேசைக்குப் பக்கத்தில் ஒருவருக்கொருவர் பாடம். "சாய்ஞ்சு உட்காருங்க. எதிர்ல நிக்கிறவனைப் பார்க்காதீங்க, அவனுக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பாருங்க" என்பார் அண்ணன். "நீங்க தோளை இறக்குங்க துரை. முதலாளி பக்கத்துல நிக்கிறப்போ தோள் தானா இறங்கும், அதை நீங்க பார்த்ததே இல்லையா?" என்பார் பேக்கரிக்காரர். ஒருநாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். பேக்கரிக்காரர் சாய்ந்து உட்கார்ந்து என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். கேட்ட ரொட்டியை மறந்து நான் ரெண்டடி ஒதுங்கி நின்றேன்.

அம்மாவிடம் அண்ணன் வேஷம் மாறியதைச் சொல்லியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாராம். நாடகத்துக்கு முந்தின நாள் நானே போய்க் கூப்பிட்டேன்.

"தொப்பி போடலைல்ல?"

"இல்லம்மா."

"மூஞ்சியில ஏதாவது பூசறானா?"

"ஒண்ணும் பூசலை. வீட்டுல இருக்கிற மாதிரியேதான் வருவாரு."

"அப்படின்னா முன்னாடி உட்கார வை. பின்னாடி இருந்தா எனக்குத் தெரியாது" என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்கால ஆட்டம். கிடங்கு நிறைந்து வாசல் வரைக்கும் ஆள் நின்றது. முதல் வரிசை நடுவில் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை இடுக்கு வழியாக எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். முதல் காட்சி தொழிலாளிகள் குடியிருப்பு. அது முடிந்ததும் ஆலை அலுவலகம். துரை வருவதற்கு முன்னால் துபாஷி வந்து நாற்காலியைத் துடைக்க வேண்டும். அண்ணன் பழைய கோட்டும் கக்கத்தில் குடையுமாகத் தோளை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவ்வளவுதான். "ஊஊஊ!"

நாங்கள் ஒருத்தருமே இதை யோசித்திருக்கவில்லை. தொப்பி இல்லையே, பூட்ஸ் இல்லையே என்று எவன் பார்த்தான்? மூஞ்சியைப் பார்த்தார்கள், ஊளை விட்டார்கள். வருஷா வருஷம் பழகிய வாய். கிடங்கே அதிர்ந்தது. அண்ணன் துணியும் கையுமாக நின்றுவிட்டார். வாத்தியார் எனக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டு, "சொன்னேனே, சொன்னேனே" என்றார். நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணனின் கை மெல்ல இடுப்புப் பக்கம் போவதைப் பார்த்தேன். போச்சு, பழையபடி துரையாகப் போகிறார் என்று பதறினேன். கை பாதியில் நின்றது. கீழே இறங்கியது. மனுஷர் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். ஊளை ஓயவில்லை, அவரும் துடைப்பதை நிறுத்தவில்லை.

அப்போது முதல் வரிசையில் அம்மா எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேடை வெளிச்சத்தில் செம்பட்டை பாய்ந்த நரைமுடி தெரிந்தது. அந்த முகத்தை முக்காடு இல்லாமல் முழுசாகப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? மகன் முகமேதான். முன்வரிசை முதலில் அடங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் வாசல் பக்கத்தில் எவனோ ஒருத்தன் மட்டும் விவரம் தெரியாமல் ஊளை விட்டான், பக்கத்தில் இருந்தவர் அவன் வாயைப் பொத்தினார்.

"என் புள்ளை பேசணும்" என்றார் அம்மா. "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். முக்காட்டைத் திரும்பப் போடவில்லை.

அதற்குப் பிறகு நாடகம் ஓடியது பாருங்கள்! பேக்கரிக்காரர் தொப்பியும் பூட்ஸுமாக வந்தபோது நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முணுமுணுக்க முணுமுணுக்க அண்ணன் அரையடி பின்னால் நின்று நம் பேச்சில் உரக்கச் சொன்னார். "இன்னைக்கே எல்லாரும் காலி பண்ணணுமாம். துரை சொல்றாரு. கைக்குழந்தை இருந்தாலும் போகணுமாம். துரை சொல்றாரு." ஒவ்வொரு வரியும் நம் வீட்டில் பேசுகிற குரலில், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல வந்து விழுந்தது.

தொழிலாளிப் பெண்ணாக நடித்த தையல்காரி முன்னால் வந்து கேட்டாள். "அது துரை சொல்றது. நீ என்ன சொல்றே?"

நாவலில் துபாஷி பதில் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு துரை பின்னால் போய்விடுவான். அண்ணனும் அப்படியே போனார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஊளை விட ஒருத்தரும் இல்லை. துரையைப் பார்த்து ஊளை விடத் தெரியும், நம்மாளைப் பார்த்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. திரை விழுந்த பிறகுதான் கைதட்டல் வந்தது. வாத்தியார் தாம்தான் இந்த யோசனையைச் சொன்னவர் மாதிரி எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின் அம்மாவைக் கைபிடித்து மேடைக்குப் பின்னால் கூட்டி வந்தேன். அண்ணன் கோட்டைக் கூடக் கழற்றாமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மையோ பவுடரோ இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

"நல்லா பண்ணினேடா" என்றார். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு தடவையே போதும்டா சாமி, அடுத்த வருஷம் யாரையாவது பாருங்க" என்றார். அம்மா கையை நீட்டித் துழாவி அந்தத் தொப்பியை எடுத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மகன் மடியில் வைத்தார்.

"அடுத்த வருஷம் நீயே போட்டுக்க."

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா சொல்றே? இதைப் போட்டா வர மாட்டேன்னியே!"

"இவ்வளவு நாளும் உன் மூஞ்சியைப் பார்த்து ஊளை விட்டானுங்க. இனிமே வேஷத்தைப் பார்த்துத்தான் விடணும், அது இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு அவனுங்களுக்கு. நீ போடு. நான் முன்னாடி வந்து உட்கார்றேன்."

"அதுக்குள்ள கண்ணு..." என்று ஆரம்பித்த அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு போனா போகட்டும். வாய் இருக்குல்ல?" என்றார் அம்மா. "எங்கப்பனைப் பார்த்து ஒரே ஒரு ஊளை விடணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா?"